ஸ்கேட்போர்டும் என் கணக்கு நோட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

  

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. அதனால் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் கருவாடு, ஊறுகாய், ஆடு வளர்ப்பு என்று நமக்குத் தெரிந்த தொழிலைப் பற்றிப் பேசினார்கள். என் தொழில் ஸ்கேட்போர்டு. சிரிக்கிறவங்க சிரிங்க, பரவாயில்லை. எங்க வீட்டிலயும் முதல்ல சிரிச்சாங்க. எங்க அத்தை இன்னைக்கும் அதை "உருட்டுப் பலகை"ன்னுதான் சொல்றாங்க. மருமக எங்கேன்னு யாராவது கேட்டா, "உருட்டப் போயிருக்கா"ன்னு பதில் சொல்வாங்க.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கேட்போர்டு என்பது இரண்டரை அடிக்குக் கொஞ்சம் கூட நீளம் இருக்கிற ஒரு பலகை. நல்ல பலகை என்றால் ஏழு மெல்லிய மேப்பிள் மரத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை போட்டு அழுத்திச் செய்திருப்பார்கள். அடியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு அலுமினிய அச்சு. அதுக்குப் பேர் டிரக். அதில் நாலு சக்கரம். கைப்பிடி கிடையாது, பிரேக் கிடையாது. ஒரு காலைப் பலகையில் வைத்து, இன்னொரு காலால் தரையைத் தள்ளி ஓட்டணும். திரும்பணும்னா உடம்பைச் சாய்க்கணும், அவ்வளவுதான். அமெரிக்காவில் கலிபோர்னியாக் கடற்கரையில், 1950களில், அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் அலை இல்லாத நாளில் தரையில் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்ததுதான் இது. காலில் கட்டிக்கொள்கிற சக்கர ஷூ வேறு. 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்களும் இருந்த நம்ம நாட்டு அணி வெண்கலம் வாங்கியது அந்தச் சக்கர ஷூவில்தான். நான் சொல்வது பலகை.

எங்கள் ஊர் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடல் ஓரம். இந்த இரண்டு ஊரிலும் அலைச்சறுக்கும் பலகையும் பிள்ளைகளுக்குப் புதிது இல்லை. மாமல்லபுரத்து மீனவர் குடும்பத்துப் பெண் கமலியை நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும். சின்ன வயசில் கவுன் போட்டுக்கொண்டு வெறுங்காலில் அவள் பலகை ஓட்டின போட்டோ உலகம் முழுக்கப் போச்சு. 2019இல் அவளைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்து, இங்கிலாந்தின் பாஃப்டா விருதுப் பட்டியல் வரைக்கும் போனது. ஆனால் அதெல்லாம் குழந்தைகள். மூன்று வேளை சமைக்கிற, இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்தி அதில் ஏறலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டம். கல்யாணமாகித்தான் இந்தக் கடற்கரைக்கு வந்தேன். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததை உங்களில் மூத்தவர்கள் கேட்டிருப்பீர்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மா. எழுத்துப் படிப்போடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், கல் உடைக்கிறவங்க, கூலி வேலைக்குப் போறவங்க, சைக்கிள் ஏறினார்கள். எங்க அம்மாவும் அதில் ஒருத்தி. நிறைய பேர் ஆம்பளை சைக்கிளையே விரும்பினார்கள். முன்னால் கம்பி இருக்கும், பிள்ளையை உட்கார வைக்கலாம். அந்தக் கம்பியில் உட்கார்ந்து போன பிள்ளை நான். பொம்பளை சைக்கிள் ஓட்டினா ஊர் என்ன பேசுச்சுன்னு அம்மா சொல்லுவாங்க. கடைசியில், "மூணு மாசம் பேசுவாங்க, அப்புறம் அவங்களுக்கே அலுத்துப் போயிடும்"னு முடிப்பாங்க. அந்த வார்த்தை எனக்குப் பின்னால் உதவியது.

எனக்கு 30 வயசு இருக்கும்போது எங்க பெரிய பொண்ணு ஒரு பழைய பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடலுக்கு விளையாட வந்த யாரோ ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஓரம் தேய்ந்து, ஒரு சக்கரம் சுற்றாமல் இருந்தது. அன்னைக்கு ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு, வாசல் சிமெண்ட் தரையில் அதை வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றேன். ஏன் ஏறினேன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நின்ற உடனே கீழே விழுந்தேன். மறுநாள் ராத்திரியும் ஏறினேன். பத்து நாள் கழித்து, சுவரை விட்டுவிட்டு, வாசலில் இருந்து துளசி மாடம் வரைக்கும் பன்னிரண்டு அடி போனேன். அக்கா, அந்தப் பன்னிரண்டு அடியை நான் எப்படிச் சொல்றது? கல்யாணத்துக்கு அப்புறம் நான் செஞ்ச எல்லாமே யாருக்காவது செஞ்சதுதான். இது மட்டும் யாருக்கும் இல்லை.

எங்க வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பும்போது ஒரு நாள் என்னைப் பலகையோடு பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. "கால் உடைஞ்சா சோறு யார் ஆக்குறது?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போனார். வேண்டாம்னு சொல்லலை. ஏன் சொல்லலைன்னு நான் அப்புறம் யோசிச்சிருக்கேன். ஆப்கானிஸ்தானில் காபூல் நகரத்தில் 2007இல் பிள்ளைகளுக்கு ஸ்கேட்போர்டு கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். பிற்பாடு ஸ்கேட்டிஸ்தான் என்ற பள்ளியாகவே ஆனது. அங்கே பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டக் கூடாது என்று கட்டுப்பாடு. ஆனால் இந்தப் பலகையை அதுவரை யாரும் பார்த்ததே இல்லை. அதனால் கூடாதுன்னு சொல்ல யாருக்கும் தோணலையாம். நிறைய பெண்பிள்ளைகள் அப்படித்தான் உள்ளே வந்தார்கள். எங்க ஊரிலயும் அதுதான் நடந்துச்சுன்னு நினைக்கிறேன். இது ஆம்பளை விளையாட்டா பொம்பளை விளையாட்டான்னு ஊர் முடிவு பண்றதுக்குள்ள நான் ஓட்டிப் பழகிட்டேன்.

இனி தொழிலுக்கு வருகிறேன். முதல் காசு வந்தது பலகை ஓட்டி இல்லை, தையல் மெஷின் எண்ணெயால்.

ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேரிங். நாலு சக்கரத்துக்கு எட்டு. 608 என்று நம்பர் போட்டிருக்கும். வெளி விட்டம் 22 மில்லிமீட்டர், உள் துளை 8, அகலம் 7. சென்னையில் மண்ணடிப் பக்கம் பேரிங் கடையில் நம்பரைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கடற்கரையில் உப்புக் காத்தும் மணலும் பட்டு அது சீக்கிரம் துருப்பிடிக்கும், சக்கரம் இறுகும். எங்க பொண்ணு கொண்டு வந்த பலகையில் சுற்றாமல் இருந்த சக்கரத்தை நான் கழற்றி, பேரிங்கின் மூடியை ஊசியால் நெம்பி எடுத்து, அழுக்குப் போகக் கழுவி, காய வைத்து, தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டேன். சுற்றிவிட்டால் நிற்காமல் ஓடியது. இதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பையன் அவன் பலகையைக் கொண்டு வந்தான். அவன் கோவளத்தில் சொல்லி அங்கிருந்து நாலு பேர் வந்தார்கள். ஒரு பலகைக்கு 50 ரூபாய் வாங்கினேன்.

இதை வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கழுவ ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நல்லது. மண்ணெண்ணெயில் கழுவினால் பிசுக்கு நிற்கும், மணல் ஒட்டும். துரு நீக்குகிற ஸ்பிரேயை அடித்துவிட்டு அப்படியே ஓட்டக் கூடாது, இருக்கிற எண்ணெயையும் அது கழுவிவிடும். எண்ணெய் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

அப்புறம்தான் எனக்குப் பேராசை வந்தது. சனி ஞாயிறில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிற கூட்டத்தைப் பார்த்தேன். பலகையை வாடகைக்கு விடலாம், சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கலாம். இடம் எங்கே? எங்கள் ஊர் மீன் ஏலக்கூடம். காலை பத்து மணிக்குள் ஏலம் முடிந்துவிடும். கழுவி விட்டால் சாயங்காலம் காய்ந்த சிமெண்ட் தரை, மேலே கூரை. ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்டேன். தினமும் நானே கழுவுவதாகவும், மாதம் 500 ரூபாய் கட்டுவதாகவும் சொன்னேன். ஒருத்தர், "பொம்பளைங்களுக்கு ஏலக்கூடத்துல என்ன வேலை?"ன்னார். அங்கே காலையில் கூடை வைத்து மீன் எடுக்கிறது யார்? எங்க பெரியம்மா ஒருத்தங்கதான் எழுந்து அதைக் கேட்டாங்க. அனுமதி கிடைத்தது.

குழுவில் உள்கடன் 20,000 கேட்டேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, இருபது மாதத் தவணை. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். "இது விளையாட்டா, தொழிலா?"ன்னு ஊக்குநர் அக்கா கேட்டாங்க. "தொழில்தான் அக்கா"ன்னு அடிச்சுச் சொன்னேன். அந்தப் பணத்தை நான் செலவழித்த விதம் இது: பத்துப் பலகை 11,500. ஹெல்மெட் ஐந்து 3,000. முட்டிக் கவசம் தைக்க ஸ்பான்ஞ், ரெக்சின், ஒட்டுப்பட்டி 2,500. பேரிங் 2,000. ஸ்பேனர் முதலான சாமான் 1,000.

கணக்குத் தெரிந்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். பத்துப் பலகை 11,500 என்றால் ஒன்று 1,150 ரூபாய். அந்த விலைக்கு நல்ல பலகை வராது. பார்க்கப் பளபளப்பாக இருந்தது. அடியில் அச்சு பிளாஸ்டிக். அலுமினியம் மாதிரி வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பெட்டியைப் பிரித்தபோதே எடை குறைவாக இருந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் பத்துப் பலகை வரிசையாக நிற்கிற அழகைப் பார்த்து அதை மறந்துவிட்டேன். இரண்டு பலகையில் மட்டும் நான் ஏறிப் பார்த்தேன். மீதி எட்டில் ஏறவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு பலகையின் அச்சு ஓட்டத்திலேயே முறிந்தது. ஓட்டியது எங்கள் குழுப் பிரதிநிதி அக்காவின் பொண்ணு. பத்து வயசு. முன்னால் விழும்போது கையை நீட்டி ஊன்றினாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரே, மாவுக்கட்டு எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். கம்மலை அடகு வைத்துக் கட்டினேன். அந்த வாரமே இன்னும் மூன்று பலகை விரிசல் விட்டது. வாடகையை நிறுத்தினேன்.

அடுத்த செவ்வாய் குழுக்கூட்டம். அன்றைக்குப் போல எனக்குக் கால் கனத்தது கிடையாது. தவணை கட்டப் பணம் இல்லை. அந்த அக்கா எதிரில் உட்கார்ந்திருக்கிறாங்க. மன்னிப்புக் கேட்டேன். "விளையாட்டுன்னா விழுறது சகஜம்தானே"ன்னு ஒருத்தர் எனக்காகப் பேச வந்தாங்க. அந்த அக்கா கையைக் காட்டி நிறுத்திட்டுச் சொன்னாங்க: "எம்புள்ள விழுந்ததுக்கு நான் கோவப்படலை. நடந்தாக்கூட விழும். நீ ஏறிப் பாக்காத பலகையில எம்புள்ளைய ஏத்துன பாரு, அதுக்குத்தான் கோவம்."

எனக்கு அதுக்குப் பதில் இல்லை. இன்னைக்கும் இல்லை.

அன்று குழு தீர்மானப் புத்தகத்தில் மூன்று விஷயம் எழுதினார்கள். ஒன்று, இரண்டு மாதத்துக்கு அசல் வேண்டாம், வட்டி மட்டும் கட்டலாம். இரண்டு, பிளாஸ்டிக் அச்சுப் பலகை எதையும் வாடகைக்கு விடக் கூடாது, விற்கவும் கூடாது. மூன்று, மாதா மாதம் என் தொழில் கணக்கைக் குழுவில் வாசிக்க வேண்டும். மூன்றாவதைக் கேட்டபோது எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. திருடிக்கு வைக்கிற காவல் மாதிரி நினைச்சேன். ஆனா என் தொழிலைக் காப்பாத்தினது அந்த மூணாவதுதான்.

எப்படி என்று சொல்கிறேன். பலகை இல்லாமல் கடன் கட்டணும். கையில் இருந்தது பேரிங் வேலையும் தையல் மெஷினும்தான். முட்டிக்கும் முழங்கைக்கும் கவசம் தைத்தேன். விழுந்தால் வழுக்கிக்கொண்டு போக மேலே கெட்டியான மூடி வேண்டும். பழைய நீல நிற பிளாஸ்டிக் டிரம்மை வாங்கி, அந்த வளைவோடவே வட்டமாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, ரெக்சினில் வைத்துத் தைத்தேன். முதலில் என் முட்டியில் கட்டி ஏலக்கூடத் தரையில் விழுந்து பார்த்தேன். மூன்று தடவை தையல் பிரிந்தது. நாலாவது நின்றது. கோவளம், மாமல்லபுரம் பிள்ளைகள் வாங்கினார்கள். சக்கர ஷூ வகுப்பு நடத்துகிறவர்களும் வாங்கினார்கள். ஹெல்மெட் மட்டும் நான் செய்வதில்லை. தலை விஷயம், கடையில் நல்லதாக வாங்கினதுதான். மணிக்கட்டுக் காப்பும் அப்படியே. அது இல்லாமல் இப்போது யாரையும் ஏற்றுவதில்லை.

20,000 கடனை 22 மாதத்தில் முடித்தேன். அதன் பிறகு 15,000 வாங்கினேன். இந்தத் தடவை பத்துப் பலகை இல்லை, நாலு. ஒன்று 3,500. அலுமினிய அச்சு, மேப்பிள் பலகை. எங்கள் ஏலக்கூடத் தரை சொரசொரப்பு என்பதால் மீதி ஆயிரத்தைப் போட்டு மெத்தென்ற பாலியூரித்தேன் சக்கரம் மாற்றினேன். ஒவ்வொரு பலகையையும் நான் ஒரு வாரம் ஓட்டின பிறகுதான் அடுத்தவர் காலுக்குக் கொடுத்தேன்.

போன தை மாதக் கணக்கை உங்கள் முன்னால் வாசிக்கிறேன். குழுவில் வாசித்ததுதான்.

வரவு: பலகை வாடகை, அரை மணிக்கு 50 ரூபாய், 92 தடவை, 4,600. பேரிங் சுத்தம், இப்போது ஒரு பலகைக்கு 100, 31 பலகை, 3,100. கவசம் 14 செட், செட் 450, ஆக 6,300. வகுப்பு ஆறு பிள்ளைகள், ஆளுக்கு 500, ஆக 3,000. மொத்தம் 17,000.

செலவு: கவசத்துக்குச் சாமான் செட்டுக்கு 240 வீதம் 3,360. வாடகைப் பலகைக்குப் புது பேரிங், நட்டு, ரப்பர் 1,600. உடைந்த ஒரு பலகைக்கு மாற்று 1,800. கழுவுகிற மருந்தும் எண்ணெயும் 300. ஏலக்கூடத்துக்கு 500. மொத்தம் 7,560.

மிச்சம் 9,440. என் கூலி இதற்குள்தான். மழை மாதத்தில் இது வராது. கார்த்திகையில் தரை ஈரம், பலகை தண்ணீர் குடித்தால் பிளந்துவிடும். போன கார்த்திகையில் கவசமும் பேரிங்கும் சேர்ந்து 2,200தான் கையில் நின்றது.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். எனக்குப் பிடித்தது பலகை ஓட்டுறது. அந்த வாடகையில் 4,600 வந்து, உடைசலுக்கு 3,400 போய், நின்றது 1,200. மீதிப் பணம் எல்லாம் தையலிலும் எண்ணெயிலும் கற்றுக்கொடுப்பதிலும் வந்தது. கணக்கைக் குழுவில் வாசிக்காமல் இருந்திருந்தால், வாடகைதான் என் தொழில்னு நினைச்சு இன்னும் பத்துப் பலகைக்குக் கடன் கேட்டிருப்பேன். பிடிச்ச வேலையில நஷ்டம் கண்ணுக்குத் தெரியறதில்லை அக்கா. அடுத்தவங்க முன்னால வாசிக்கும்போதுதான் நம்ம காதுலயே விழுது. அதே சமயம், நான் ஓட்டாதவளாக இருந்திருந்தால் எந்தச் சத்தம் வந்தால் பேரிங் கெட்டது, எந்த இடத்தில் கவசம் நழுவும் என்று எனக்குத் தெரிந்திருக்காது. அந்த 1,200 ரூபாய் வேலைதான் மீதி வேலையைக் கற்றுக் கொடுத்தது. அதனால் அதை விடவில்லை. பெரிசாக்கவும் இல்லை.

இன்னொரு விஷயமும் குழுவில் கேட்டார்கள். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஐந்தில் இருந்து ஆறு வரைக்கும் பெண்பிள்ளைகளுக்கு மட்டும், காசு வாங்காமல் விடுகிறேன். "வாடகைக்கு ஆள் வர்ற நேரத்துல ஏன் சும்மா விடுறே?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆரம்பத்தில் வந்தவர்களில் பெண்பிள்ளைகள் இரண்டே பேர். பையன்கள் பலகையை விட்டு இறங்கவே மாட்டார்கள், இவர்கள் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த ஒரு மணி நேரம் வைத்த பிறகு பதினொரு பேர் வருகிறார்கள். வயசுக்கு வந்த பிறகு நிறுத்தின ஒரு பிள்ளையை அவங்க ஆயாவே கூட்டிட்டு வந்து விட்டாங்க. "ஒலிம்பிக்ல இருக்காமே, நெசமா?"ன்னு கேட்டாங்க. நிஜம்தான். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டை முதன்முதலில் சேர்த்தார்கள். பெண்களுக்கான ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வாங்கிய ஜப்பான் பொண்ணு மோமிஜி நிஷியாவுக்கு அப்போது 13 வயசு. வெள்ளி வாங்கிய பிரேசில் பொண்ணு ராய்ஸா லீலுக்கும் 13தான். எங்க பிள்ளைங்க ஒலிம்பிக் போவாங்கன்னு நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கலை. விழாம திரும்பக் கத்துக் கொடுக்கிறேன், விழுந்தா எப்படி விழணும்னு கத்துக் கொடுக்கிறேன். கையை விறைப்பா நீட்டி ஊன்றக் கூடாது. முட்டியை மடக்கி, கவசத்தில் சறுக்கணும். முதல் நாள் பலகையே கிடையாது, பாயில் விழுகிற பழக்கம்தான்.

எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் இப்போது ஏறி நிற்கிறார்கள். பேர் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. சேலையில் ஏறக் கூடாது, சுடிதார் போட்டு துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கணும்.

கை முறிந்த பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். கை நல்லபடியாகக் கூடிவிட்டது. கம்மலையும் மீட்டுவிட்டேன். ஆனால் அந்த அக்கா இன்னும் அவளைப் பலகையில் ஏற விடவில்லை. வெள்ளிக்கிழமை மற்றப் பிள்ளைகளோடு வருவாள். திண்ணையில் உட்கார்ந்து பேரிங் துடைத்துக் கொடுப்பாள். என்னைவிட வேகமாக மூடி கழற்றுவாள். நான் அவளை ஏறச் சொன்னதில்லை, அவங்க அம்மாகிட்ட கேட்டதும் இல்லை. அது அவங்க எப்பச் சொல்றாங்களோ அப்ப. 20,000 ரூபாய் கடன் முடிஞ்சுது. இது முடியலை.

கடைசியாக, புதுத் தொழில் தொடங்க நினைக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். ஊரில் யாரும் செய்யாத தொழில் என்று பயப்பட வேண்டாம், பேச்சு மூணு மாசம்தான். ஆனால் பிடித்த தொழில் என்பதால் கணக்கில் சலுகை கொடுக்காதீர்கள். கடன் வாங்கினால் முதலில் கொஞ்சமாக, நல்லதாக வாங்குங்கள். நீங்கள் தின்று பார்க்காத ஊறுகாயை விற்காதீர்கள், உடுத்திப் பார்க்காத துணியைத் தைத்துக் கொடுக்காதீர்கள். குழுவில் கணக்கு வாசிக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள். எனக்கு அந்தக் கோபம் தீர ஆறு மாதம் ஆனது.

எங்க அத்தை ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்க. விழா முடிஞ்சு போகும்போது வாசல்ல என் நாலு பலகையும் வெச்சிருக்கேன், வேணும்கிறவங்க ஏறிப் பாக்கலாம். பிடிச்சுக்க நான் பக்கத்துலயே நிப்பேன். ஹெல்மெட் போட்டாத்தான் ஏத்துவேன், தலைவி அக்காவா இருந்தாலும் சரி.